கடையைப் பூட்டுகிறோம், வீட்டைப் பூட்டுகிறோமா?

இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்தும்போது நம்மில் யாரும் அவசரப்படுவதில்லை. ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டு, ஒவ்வொரு பூட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்த்து, சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் படி இறங்குகிறோம். நாலு தப்படி நடந்தபின் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதே நாம் குடும்பத்துடன் வெளியூர் புறப்படும்போது என்ன செய்கிறோம்? வேன் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. குழந்தைகள் கத்துகின்றன. ஏதோ ஒரு பூட்டை முன்வாசலில் தொங்கவிட்டு, பின்கட்டுத் தாழ்ப்பாளை வீட்டார் போட்டிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறோம்.

கடையில் இருப்பது சரக்கு. வீட்டில் இருப்பது ஆயுள் முழுவதும் சேர்த்தது. ஆனால் காவல் என்னவோ சரக்குக்குத்தான் அதிகம். இந்த முரண்பாட்டைப் பற்றிச் சகோதர வணிகர்களுடன் கொஞ்சம் பேசவே இக்கட்டுரை.

வணிகர் வீடு ஏன் கண்ணில் படுகிறது?

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் எப்போது வீட்டுக்கு வருவார், அவர் கையில் எவ்வளவு பணம் இருக்கும் என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது. நம் கதை வேறு. நாம் கடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம், சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் நேரம் எல்லாம் ஊருக்கே தெரியும். கல்லாவில் பணம் சேர்வதை நூறு பேர் பார்க்கிறார்கள். இரவு மஞ்சள் பையோடு வண்டியில் ஏறுவதையும் பார்க்கிறார்கள். இப்போது செல்போன் மூலம் பணம் செலுத்தும் வழக்கம் வந்த பிறகு கல்லாவில் ரொக்கம் குறைந்திருப்பது உண்மைதான். ஆயினும் மண்டிக்குக் கொடுக்க வேண்டிய தொகை, பண்டிகைக்கால விற்பனை, ஏலச்சீட்டுப் பணம் என்று ஏதோ ஒன்று நம் வீட்டில் ஓரிரு நாள் தங்கத்தான் செய்கிறது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. அதை அடுத்து ஞாயிறு. இந்த இரண்டு இரவுகளில் பணம் எங்கே இருக்கும் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு தேவையில்லை.

எனக்கு நேர்ந்தது

இதை நான் அடுத்தவர் கதையாகச் சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டு ஒரு இரண்டாம் சனிக்கிழமை குடும்பத்துடன் குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். திங்கட்கிழமை மண்டிக்குக் கட்ட வேண்டிய 1,40,000 ரூபாயை வீட்டுப் பீரோவில் வைத்தேன். பீரோ சாவியை மெத்தைக்கு அடியில் வைத்தேன். வாசலுக்கு நல்ல கனமான பூட்டு. திங்கள் காலையில் திரும்பி வந்தபோது அந்தப் பூட்டு போட்டபடியே இருந்தது. அதை நானே திறந்து உள்ளே போனேன். சமையலறைக் கதவு நிலையோடு பெயர்ந்து கிடந்தது. பீரோவை உடைக்கக்கூட இல்லை. சாவி போட்டுத் திறந்திருந்தார்கள்.

ரொக்கத்தோடு 11 பவுன் நகையும் போயிற்று. அதில் 7 பவுன்தான் எங்களுடையது. மீதி 4 பவுன் எங்கள் கடையில் பதினெட்டு வருடம் மூட்டை தூக்கிய பெரியவருடையது. மகள் கல்யாணத்துக்குச் சிறுகச் சிறுக வாங்கி, "நம்ம வீட்டுல இருந்தா பத்திரமா இருக்கும் முதலாளி" என்று என் மனைவியிடம் கொடுத்து வைத்திருந்தார். அவருக்கு அதை ஆறு மாதத்துக்குள் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பணத்தால் ஆகக்கூடியது அது.

பணத்தால் ஆகாதது ஒன்றும் அன்றைக்கு நடந்தது. "யார் மேலாவது சந்தேகம் உண்டா?" என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள். கடையில் நின்ற பத்தொன்பது வயதுப் பையன் பெயரைச் சொன்னேன். காரணம், எங்களுக்கு வேன் பேசிக் கொடுத்தவன் அவன்தான். நாங்கள் ஊரில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு நாள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் அப்பா கடை வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, எம் புள்ள எடுத்திருப்பான்னு நீங்க நெனைக்கீகளா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

எட்டு மாதம் கழித்து வேறு மாவட்டத்தில் மூன்று பேர் பிடிபட்டார்கள். விசாரணையில் எங்கள் வீட்டையும் ஒப்புக்கொண்டார்கள். வாசல் விளக்கு பகலிலும் எரிந்ததையும், கேட்டில் செய்தித்தாள் கிடந்ததையும் பார்த்து வந்ததாகச் சொன்னார்களாம். அந்தப் பையனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் அவன் ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் அவன் திரும்ப வரவில்லை.

வீட்டைச் சரியாகப் பூட்டியிருந்தால் இரண்டு நட்டமும் வந்திருக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திருடன் என்ன பார்க்கிறான்?

வீட்டில் ஆள் இல்லை என்பதற்கான அடையாளத்தைத்தான் முதலில் பார்க்கிறான். வெளியே தொங்கும் பூட்டு, வாசலில் சேரும் செய்தித்தாளும் பால் பாக்கெட்டும், கோலம் போடாத முற்றம், பகலில் எரியும் விளக்கு, காய்ந்து கிடக்கும் செடிகள் ஆகியவையே அந்த அடையாளங்கள். முகவரி விசாரிப்பது போலவோ, தண்ணீர் கேட்பது போலவோ அழைப்பு மணியை அடித்துப் பார்ப்பதும் உண்டு.

நாமாகவே விளம்பரம் செய்வதும் நடக்கிறது. பிள்ளை கல்யாணத்துக்குத் தெருமுனையில் பேனர் வைக்கிறோம். முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியும் அப்படித்தான். இப்போது புதிதாக, ரயில் ஏறுமுன்னே செல்போனில் படம் போடும் பழக்கம் வந்திருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு போட்டால் படம் கெட்டுவிடாது. விசேஷ நாளில் நம்பிக்கையான உறவினர் ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அவருக்குப் பந்திச் சாப்பாட்டை வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

ஊருக்குப் போகும்போது பாலையும் செய்தித்தாளையும் நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரிடம் வாசல் தெளித்து ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். மாலையில் தானாக எரிந்து காலையில் அணையும் விளக்கு இப்போது எல்லா எலெக்ட்ரிக்கல் கடைகளிலும் கிடைக்கிறது. காவல் நிலையத்தில், இத்தனை நாள் வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இரவு ரோந்து வரும் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை நம் தெருவில் வைக்கும்படியும் கேட்கலாம்.

பூட்டு பெரிது, கொண்டி சிறிது

பூட்டைப் பற்றி நம்மவர்களுக்குப் பெருமை உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். நெம்புகோல் பூட்டு வேலை செய்யும் விதம் எளிமையானது. உள்ளே பித்தளைத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைத் தூக்குகிறது. எல்லாத் தகடுகளும் சரியான உயரத்துக்கு வந்து, அவற்றிலுள்ள பள்ளங்கள் ஒரே கோட்டில் நின்றால்தான் தாழ் நகரும். ஒரு தகடு கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் நகராது. ஆகவே தகடுகள் அதிகமாக இருந்தால் வேறு சாவி பொருந்துவது கடினம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டை உடைக்க வருபவன் பெரும்பாலும் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. பூட்டு மாட்டியிருக்கும் கொண்டியைத்தான் நெம்புகிறான். முக்கால் அங்குல ஸ்க்ரூவில் நிற்கும் கொண்டியில் ஆயிரம் ரூபாய் பூட்டைத் தொங்கவிட்டால், நம் பாதுகாப்பு அந்த ஸ்க்ரூவின் அளவுதான். பலகாலம் மழையில் நனைந்த மரத்தில் அதுவும் நிற்காது.

எனவே, கொண்டியையும் நாதாங்கியையும் ஸ்க்ரூவில் நிறுத்தாமல், கதவைத் துளைத்துப் போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு முடுக்க வேண்டும். நிலைச்சட்டம் சுவரோடு இரும்புப் பிடிகளால் இறுகியிருக்கிறதா என்று ஒரு தச்சரைக் கொண்டு பார்க்க வேண்டும். வெளியே தொங்கும் பூட்டைவிடக் கதவுக்குள் பதிந்த பூட்டு நல்லது. அதை நெம்பக் கடினம் என்பதோடு, வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதும் வெளியே தெரியாது. தொங்கு பூட்டுத்தான் என்றால், வளையம் வெளியே அதிகம் தெரியாமல் மூடியிருக்கும் வகையைப் பாருங்கள். முன்னால் இரும்பு கிரில் கதவு இருந்தால் அதன் பூட்டு உள்பக்கமாக இருக்கட்டும்.

பின்வாசலும் மொட்டைமாடியும்

முன்வாசலுக்குத் தேக்குக் கதவு. பின்வாசலுக்கு மலிவான பலகைக் கதவு. நம் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். திருடனுக்கு முன்வாசல் மரியாதை தேவையில்லை. பின்கதவுக்கு மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள், நடுவில் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு குறுக்கு இரும்புப் பட்டை போட்டால் போதும், அதை வெளியிலிருந்து தள்ளித் திறப்பது பெரும்பாடு. செலவு சில நூறு ரூபாய்தான்.

மாடிக்குப் போகும் கதவு வெயிலிலும் மழையிலும் நைந்து போயிருக்கும். தென்னை மரம், பக்கத்து வீட்டு மதில், தண்ணீர்த் தொட்டிக்குப் போட்ட ஏணி, இவையெல்லாம் மாடிக்கு வழி. ஏணியைக் கொல்லையில் சாத்தி வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். கடப்பாரை, மண்வெட்டி, கோடரி ஆகியவற்றையும் வெளியில் போட்டு வைக்க வேண்டாம். நம் வீட்டுக் கடப்பாரையாலேயே நம் வீட்டை உடைப்பது புதிதல்ல.

ஜன்னல் கம்பிகள் சட்டத்துக்குள் புதைந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து ஸ்க்ரூவால் பொருத்தப்பட்ட கிரில் என்றால், அந்த ஸ்க்ரூத் தலைகளை வெல்டிங் வைத்துவிடுங்கள். குளியலறையில் கண்ணாடிப் பட்டைகள் செருகிய காற்றுப்போக்கிக்கும் உள்பக்கம் கம்பி வேண்டும். ஓட்டு வீடு என்றால் ஓட்டுக்குக் கீழே கம்பி வலை அடிப்பது நல்லது. கடையும் வீடும் ஒன்றாக இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: கடைக்குள்ளிருந்து வீட்டுக்குப் போகும் இடைக்கதவு. ஷட்டரை உடைத்து வருபவன் அந்தக் கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வருவான்.

திருட்டுப் பயத்தில் மதில்மேல் மின்கம்பி இழுக்கும் யோசனை சிலருக்கு வருகிறது. தயவுசெய்து வேண்டாம். அதில் அடிபடுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் குழந்தையோ, ஆடு மாடோதான். உயிர் போனால் சிறைக்குப் போவது நாம்தான்.

சாவி, பீரோ, நகை

பூந்தொட்டிக்கு அடி, செருப்பு அலமாரி, மீட்டர் பெட்டி மேல், இவை மூன்றும் சாவி வைக்கும் இடம் அல்ல. அங்கேதான் முதலில் தேடுவார்கள். வீட்டுச் சாவியையும் கடைச் சாவியையும் ஒரே கொத்தில் கோத்துக் கல்லா மேசைமேல் போட்டு வைப்பதும் தவறு. சாவி ஒருநாள் காணாமல் போய் மறுநாள் கிடைத்தாலும் பூட்டை மாற்றிவிடுங்கள். வீடு கட்டியபோது கொத்தனார், தச்சர், பெயின்டர் எல்லாரிடமும் இருந்த சாவியையே குடிபோன பின்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. கிரகப்பிரவேசத்தன்றே பூட்டுகள் மாற வேண்டும்.

பீரோ என்பது துணி வைக்கத்தான். அதன் தகடு மெல்லியது. அதற்குள் லாக்கர் என்று இருக்கும் சிறு பெட்டியும் அதே தகடுதான். வீட்டில் கொஞ்சமாவது நகை வைத்தே ஆக வேண்டும் என்றால், கனமான இரும்புப் பெட்டியை வாங்கிச் சுவரிலோ தரையிலோ உள்ளிருந்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இறுக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டே போய்விடலாம். அரிசி டிரம், பருப்பு டப்பா, பூஜை அறை, தலையணை உறை ஆகிய 'இரகசிய' இடங்கள் நமக்கு மட்டும் தெரிந்தவை அல்ல.

வங்கி லாக்கர் நல்லதுதான். அதிலும் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, திருட்டு, கொள்ளை, தீ, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ளது போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 2,00,000 ரூபாய். உள்ளே எவ்வளவு நகை இருந்தாலும் கணக்கு இதுதான். ஆகவே நகை அதிகம் உள்ளவர்கள் தனியாக இன்சூரன்ஸ் எடுப்பது நல்லது.

ஒவ்வொரு நகையையும் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எடையையும் வாங்கிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க அடையாளக் குறி கட்டாயமாகிவிட்டது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறி நகைக்கு நகை வேறுபடும். அதையும் எழுதி வையுங்கள். உருக்கப்படாமல் மீட்கப்பட்டால், அது உங்கள் நகைதான் என்று நிரூபிக்க அதைவிடச் சான்று வேண்டாம். நோட்டையும் பில்களையும் பீரோவில் வைக்காதீர்கள். நகையோடு நோட்டும் போய்விடும்.

ரொக்கம் வீட்டுக்கு வர வேண்டாம்

முடிந்தவரை அன்றன்றைய பணத்தை அன்றன்றே வங்கியில் சேர்த்துவிடுவதுதான் சிறந்த பூட்டு. விடுமுறை நாளிலும் பணம் போடும் இயந்திரங்கள் பல ஊர்களில் உள்ளன. சனிக்கிழமை இயந்திரத்தில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை மண்டிக்கு வங்கி மூலம் அனுப்பலாம். வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் தினமும் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே பை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கல்லாவில் வாடிக்கையாளர் பார்க்கும்படி பணத்தை எண்ணாதீர்கள்.

கேமரா பற்றி

கேமரா திருட்டைத் தடுப்பதைவிடத் திருடனைக் கண்டுபிடிக்கத்தான் அதிகம் உதவும். அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. முகம் தெரியும் உயரத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். கூரை உயரத்திலிருந்து தலைமயிர்தான் தெரியும். பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் அதையும் எடுத்துப் போய்விடுவார்கள். மறைவான வேறிடத்தில் வையுங்கள். மெயின் சுவிட்ச் வெளியில் இருந்தால் அதை அணைத்துவிடுவார்கள். ஆகவே பேட்டரி இணைப்பு வேண்டும். அந்த மீட்டர் பெட்டிக்கும் ஒரு பூட்டுப் போடுங்கள். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இடம் நிரம்பியதும் பழைய பதிவு அழிந்து புதியது ஏறும் என்பதால், ஏதேனும் நடந்தால் அன்றே நகல் எடுக்க வேண்டும். அதை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கும்போதே அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸ்: படித்துப் பார்த்தீர்களா?

என் வீட்டில் திருட்டு நடந்ததும் முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது கடைக்கு எடுத்திருந்த திருட்டு இன்சூரன்ஸ்தான். போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, பாலிசியில் இருக்கும் முகவரி கடை முகவரி. கடைப் பணமே ஆனாலும் வீட்டுப் பீரோவில் இருந்ததற்கு அது பொருந்தாது. தவறு என்னுடையதுதான். நான் அதைப் படித்ததே இல்லை.

ஆகவே கவனிக்க வேண்டியவை: முதலாவது, எந்த முகவரி, எந்தப் பொருள் என்பது. வீட்டுக்குத் தனிப் பாலிசி உண்டு. ரொக்கத்துக்கும் தனியாகப் பாதுகாப்பு எடுக்கலாம். இரண்டாவது, இத்தகைய பாலிசிகள் பொதுவாக உடைத்து, பலவந்தமாக உள்ளே புகுந்த திருட்டுக்குத்தான் பணம் தரும். திறந்து கிடந்த கதவு வழியாக வந்தாலும், நாம் விட்டுவைத்த சாவியால் பெட்டியைத் திறந்தாலும் சிக்கல் வரும். மூன்றாவது, குறைத்துக் காட்டி இன்சூர் செய்வது. 10 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 6 லட்சம் என்று எழுதி, 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு திருடு போனால், சராசரி விதிப்படி கிடைப்பது 1,20,000 ரூபாய்தான். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது இங்கே போய்விடும்.

கடைச் சரக்கு திருடு போனால் ஜி.எஸ்.டி.யிலும் ஒரு விஷயம் உண்டு. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி, திருடு போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். தொழிலில் நேர்ந்த திருட்டு நட்டத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக் கொள்ள வழி உண்டு. ஆனால் அந்தப் பணமும் சரக்கும் ஏட்டில் இருந்தால்தான். ஏட்டில் இல்லாத பணத்தைத் திருடனிடம் பறிகொடுத்தவர் வெளியில் சொல்லவும் முடியாமல் விழிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். உடனே உங்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள்.

நடந்துவிட்டால்

வீடு திரும்பும்போது கதவு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். உள்ளே ஆள் இருக்கலாம். வெளியில் நின்று 100 அல்லது 112-க்குப் பேசுங்கள். இரவில் வீட்டுக்குள் சத்தம் கேட்டால், விளக்குகளைப் போட்டுச் சத்தம் எழுப்பிப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். தனியாக எதிர்த்து நிற்பது வேண்டாம். தற்காப்புக்கான உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது என்றாலும், தேவைக்கு மேல் தாக்க அனுமதி இல்லை. பிடிபட்டவனைக் கட்டிவைத்து அடித்தால் வழக்கு நம்மேல் திரும்பும்.

காவலர்கள் வருவதற்குள் எதையும் தொடாதீர்கள், கூட்டிப் பெருக்காதீர்கள். துக்கம் விசாரிக்க வரும் கூட்டம் பீரோவைத் தொட்டுப் பார்த்துக் கைரேகையைக் கெடுத்துவிடும். மோப்பநாயைக் குழப்ப மிளகாய்த்தூள் தூவிவிட்டுப் போவதும் உண்டு. அதையும் அப்படியே விட்டுவையுங்கள்.

புகார் எழுதும்போது நகையின் பெயர், எடை, அடையாளம், ரொக்கம் எல்லாம் உள்ளபடி எழுத வேண்டும். ஆத்திரத்தில் கூட்டியும் எழுதாதீர்கள். பயத்தில் குறைத்தும் எழுதாதீர்கள். மனு ஏற்புச் சீட்டான சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிட வேண்டாம். இன்சூரன்ஸுக்கும் நீதிமன்றத்துக்கும் முதல் தகவல் அறிக்கைதான் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்; எல்லை காரணமாக மறுக்கக் கூடாது. மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம்.

வீட்டில் திருடுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. திருடுவதற்காக இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தால் 331-ஆம் பிரிவில் 14 ஆண்டு வரை. ஒரு பொருளும் போகாவிட்டாலும் பூட்டைத் திறந்து அத்துமீறிப் புகுந்ததே குற்றம். ஆகவே "ஒன்றும் போகவில்லையே" என்று புகார் கொடுக்காமல் இருக்க வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும், நம்பக் காரணம் இருந்தும் வாங்குபவருக்கு 317-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் எண்ணெய் டின்னும் இதில் அடங்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மீட்ட நகை வழக்கு முடியும்வரை முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய பொருட்களைப் படம் எடுத்து, விவரம் எழுதி, பிணைப்பத்திரம் பெற்று உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த 5 பவுனும் நீதிமன்றத்தில் மனுச் செய்துதான் கைக்கு வந்தது. படமும் பில்லும் இருந்த நகைகள் அவை மட்டும்தான்.

சந்தேகம் சொல்லும் முன்

கடையில் ஆள் சேர்க்கும்போது முகவரி, அடையாள அட்டை நகல், புகைப்படம், ஊரில் தெரிந்த ஒருவரின் பெயர் ஆகியவற்றை வாங்கி வைப்பது முறை. அது எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். வீட்டு விவரங்களை வேலையாட்கள் முன் பேசாமல் இருப்பதும் நல்லது. அது அவர்களுக்கும் பாதுகாப்பு. விஷயம் தெரியாதவர்மேல் சந்தேகம் வராது.

திருட்டு நடந்தபின் சந்தேகம் கேட்டால், பார்த்ததைச் சொல்லுங்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். "ஏழை, அவனுக்குப் பணம் தேவை" என்பது சாட்சியம் அல்ல. அவனுக்கு நாம் ஊரில் இல்லாதது தெரியும் என்றால், பால்காரருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். இதை நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

சங்கம் செய்யக்கூடியது

தெருவுக்கு ஒரு இரவுக் காவலரைப் பத்துக் கடை சேர்ந்து வைத்தால் ஒருவருக்கு வரும் பங்கு சிறியது. எரியாத தெருவிளக்குக்கு ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும். சங்கத்தின் தலைப்பில் எழுதினால் ஆள் வருவார். ஊருக்குப் போகும் உறுப்பினர் வீட்டை இரவில் ஒருமுறை பார்த்துவர முறை வைத்துக்கொள்ளலாம். கிளைச் சங்கக் கூட்டத்துக்கு உள்ளூர்க் காவல் ஆய்வாளரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நமக்குத் தெரியும். இன்றிரவு கடை சாத்திவிட்டு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். டார்ச் விளக்கோடு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடங்கள். பின்கதவுக் கொண்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால், நாளைக்குக் கடை திறக்கும்முன் தச்சரைக் கூப்பிடுங்கள்.